நூலாய் வந்த தண்ணீர்

“…நூலாத்தான் வரும்னா வரட்டும்க்கா. அந்த நூலை வச்சே நான் ஒரு சேலை நெய்து கட்டிக்கிறேன். உங்க வண்டில மட்டும் ஏற மாட்டேன்.”

சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தபோது என் காதில் விழுந்தது இந்தப் பாதிப் பேச்சுதான். முன்பாதியை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டாம். அந்தப் பங்குனி முழுக்க அந்த வீட்டில் பேச்சு எங்கே கிளம்பினாலும் குழாயடியில்தான் வந்து நிற்கும்.

பேசியது என் அக்கா. அடுப்படியில், குழாய்க்குப் பக்கத்தில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்றுகொண்டிருந்தவர் அவளுடைய ஓரகத்தி, அதாவது அக்கா வீட்டுக்காரரான என் பாவாவின் அண்ணன் மனைவி. கனகம்மாசத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கையில் நாலைந்து கோணிப்பைகள், அக்காவின் பாத்திரங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டு போவதற்கு. பாவா இருவருக்கும் நடுவில் நின்று, எந்தப் பக்கம் பார்த்தாலும் வம்பு என்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. நூல் என்று அக்கா சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. ஊசி இருந்தால் கோத்திருக்கலாம்.

இந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து, இரும்புச் சாமான் மறுபடி கண்ணில் படத் தொடங்கியிருந்த காலம் அது. திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். பஞ்சர் ஒட்டி முடிக்கிறவரை பக்கத்தில் நின்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சைக் கேட்டுப் படித்தது மிச்சம். பாவாவுக்குத் துணி வியாபாரம். பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிகளில் துண்டும் சேலையும் வாங்கி வந்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுவார். கிளம்பினால் திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். பூச்சி அண்டாமல் இருக்கத் துணி மூட்டைகளுக்கு நடுவே வெட்டிவேர் வைத்திருப்பார். அந்த வீட்டில் கதவும் தலையணையும் பாவாவின் சட்டையும் எல்லாம் ஒரே மணம். வெளியாள் வந்தால்தான் மூக்கை உறிஞ்சுவார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு அப்படியொரு மணம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

அவர்களுடைய ஒரே பெண்ணை ரேணிகுண்டாவில் கட்டிக் கொடுத்தாயிற்று. பாவா வெளியூர் போய்விட்டால் வீட்டில் அக்கா மட்டும்தான். அவளுக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. கிணற்றடிக் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போகும்வரை. புத்தூர் கட்டுப் போட்டு எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள். சமைப்பாள், பெருக்குவாள், உட்கார்ந்து துணி துவைப்பாள். ஆனால் கிணற்றில் குனிந்து கயிறு இழுக்கவோ, இடுப்பில் குடம் வைக்கவோ முடியாமல் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். அக்காவுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. “கேட்டு வாங்கற தண்ணி தொண்டைய நனைக்கும்டா, நெஞ்ச நனைக்காது” என்பாள்.

அப்போதே கனகம்மாசத்திரத்து அண்ணி சொல்லி அனுப்பிவிட்டார்: “தனியா கெடந்து இன்னா பண்றே, இங்க வந்துரு. தம்பி ஊருக்குப் போனா போவட்டும், வந்தா வரட்டும்.” அண்ணி கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் மாட்டேன் என்று சொல்வது சுலபம். பெரிய வீடு, பெரிய அடுப்பு, பத்துப் பேருக்கு உலை வைத்து, பதினோராவது ஆள் வந்தாலும் முகம் சுளிக்காத கை. ஆனால் அந்த வீட்டு உப்புச்சட்டியை அவரைத் தவிர யாரும் தொட முடியாது. “ஒரு உலைக்கு ஒரு கைதான் உப்பு போடணும்” என்பது அவருடைய வாக்கு. அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அங்க போனா என்னிய உக்கார வச்சி சோறு போடுவாங்கடா. அதான் எனக்குப் பயமா கீது.”

பாவாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். தை மாதம் மணவூர்ப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லில் இரும்புத் தொட்டி ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு வாங்கிவந்தார். அதை மொட்டை மாடியில் ஏற்றி, கிணற்றில் ஒரு கைப்பம்பு வைத்து, தொட்டியிலிருந்து அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் குழாய் இறக்கினார். அரக்கோணத்திலிருந்து ஒரு குழாய்க்காரர் வந்து மாட்டிக் கொடுத்தார். அக்கா உட்கார்ந்தபடியே பிடிக்க வசதியாக அடுப்படிக் குழாயைத் தாழ வைத்தார்கள். தொட்டியை நிரப்பிவிட்டுப் பாவா ஊருக்குப் போனால், அவர் திரும்பும்வரை அவளுக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது.

முதல் நாள் குழாயைத் திறந்ததும் தண்ணீர் சொம்பைக் கையிலிருந்து தட்டிவிட்டது. “முட்டற கன்னுக்குட்டி மாதிரி வருதே!” என்று அக்கா சிரித்தாள். குழாய்க்காரர், “இதுல ரகசியம் ஒண்ணும் இல்லீங்கம்மா. தண்ணிக்கு உயரம்தான் பலம். மேல இருந்து எறங்குது, அதான் குதிக்குது” என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து திறந்தும் மூடியும் பார்த்துவிட்டுப் போனார்கள். பாவா அன்றைக்குத் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, மாப்பிள்ளை அழைப்பில்கூட அப்படி நடந்திருக்க மாட்டார்.

பங்குனி வந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். பகலெல்லாம் மலைப்பாறை வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு ஊர் மேல் ஊதும். நந்தியாற்றில் மணல்தான் ஓடும். அந்த வெயிலில் இரும்புத் தொட்டித் தண்ணீர் என்னவாகும்? ஒரு மத்தியானம் அக்கா விரலை நீட்டி இழுத்துக்கொண்டு, “மொளகு சீரகம் தட்டிப் போட்டா ரசம்தான், அடுப்பே வேணாம்” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பாவாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாளே தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டார். நாலைந்து நாளில் தண்ணீர் நன்றாகவே குளிர்ந்து வந்தது. “பாத்தியா? ரெண்டு கீத்து. மண்டைய உபயோகிக்கணும்” என்று என்னிடம் நெற்றியைத் தட்டிக் காட்டினார். எனக்குக்கூடக் கொஞ்சம் ஆச்சரியம்தான். கீற்றுக்கு இவ்வளவு சக்தியா என்று.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் மெலிந்தது. திறந்தவுடன் பழையபடி குதித்து வரும். அரைக் குடம் நிரம்புவதற்குள் விரல் பருமனாகும், அப்புறம் குச்சி, அப்புறம் நூல். மூடி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி அதே கதை. பம்பு அடிப்பதற்கு மட்டும் குறைவில்லை. தொட்டி எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது.

“வெயிலுக்குத் தண்ணிகூட சோம்பல் படுது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சொல் நன்றாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு குழாயை என்ன செய்ய?

பாவா என் கடைக்கு வந்தார். “மச்சான், நீதான் டியூபு வால்வுன்னு தெனம் பாக்கறவன். வந்து பாரு.”

போனேன். அடுப்படியிலும் பின்கட்டிலும் இரண்டு குழாயையும் தனித்தனியே திறந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே நோய். அப்படியானால் கோளாறு குழாயின் வாயில் இல்லை, இரண்டும் பிரிவதற்கு முன்னால் மேலே எங்கோ இருக்கிறது. அதுவரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன். இருந்தாலும் குழாயைக் கழற்றி வாஷரைப் பார்த்தேன், கொஞ்சம் ஊறியிருந்தது, புதுத் தோலில் வெட்டிப் போட்டேன். பலனில்லை. பிறகு, குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்று முடிவு கட்டினேன். சைக்கிள்காரனுக்கு எல்லாம் காற்றாகத்தானே தெரியும்? பம்பை எடுத்து வந்து குழாய் வாயில் துணி சுற்றிச் செருகி ஓங்கி அடித்தேன். மேலே தொட்டிக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. பம்பை எடுத்ததும் தண்ணீர் பாய்ந்தது பாருங்கள், என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

“என் தம்பின்னா சும்மாவா!” என்றாள் அக்கா. காபி வந்தது. குடித்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழாய் நூலாகிவிட்டதாம்.

அரக்கோணத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் மரச்சுத்தியால் குழாயை வழிநெடுகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். “உங்க ஊர்க் கெணத்துத் தண்ணி உப்புங்க. உள்ள பாறை கட்டியிருக்கும்” என்றார். தொட்டியை வடித்து, வளைவுகளைக் கழற்றி, கம்பி விட்டுக் குடைந்தார். கொஞ்சம் துரு வந்தது. பாறை என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. மறுபடி சணல் சுற்றி மாட்டி, தொட்டியை நிரப்பித் திறந்தார். கன்றுக்குட்டி மறுபடி முட்டியது. அவர் கிளம்பி வண்டி பிடிக்கிறவரை, ஏன், மறுநாள் காலை வரைக்கும்கூட நன்றாகவே வந்தது. அப்புறம் நூல்.

“அந்தாளு இருந்தா வருது, போனா நின்னுடுது. இது குழாயா, பேய் புடிச்ச பொண்ணா?” என்றாள் அக்கா.

கடைசியாக, தண்ணீருக்கு உயரம்தான் பலம் என்று அவர் சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டோம். தொட்டியை வடித்து, அடியில் செங்கல் அடுக்கி ஒரு முழம் தூக்கினோம். நானும் பாவாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து முதுகு ஒடியத் தூக்கியதுதான். எங்கள் கணக்குப்படி தண்ணீர் கூடியிருக்க வேண்டும். ஆனால் முன்னைவிடச் சீக்கிரமாக நூலானது. பாவா மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். “தொட்டி ஏறுனா தண்ணி எறங்குது. எனக்கு வியாபாரம்தான் லாயக்கு மச்சான்.”

கல்யாண மாதம் வரப்போகிறது. பாவா தறிக்காரர்களிடம் போயே ஆக வேண்டும். போனால் இந்த முறை ஒரு வாரமாகலாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் மெல்ல, “கத்திரி முடியற வரைக்கும் அண்ணி வீட்லதான் இரேன். நான் இல்லாதப்ப தண்ணிக்கு இன்னா பண்ணுவே?” என்றாராம். அக்கா எழுந்து கை கழுவப் போய்விட்டாளாம். மறுநாள் என்னிடம் சொன்னாள்: “கத்திரி முடிஞ்சா கிருத்திகைம்பாங்க, கிருத்திகை முடிஞ்சா மழைம்பாங்க. அணைஞ்ச அடுப்ப மறுபடி மூட்டறது அவ்ளோ சுலபம் இல்லடா.”

இதற்குள் அண்ணிக்குத் தகவல் போய்விட்டது. கத்திரி பிறப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வண்டியும் கோணியுமாக வந்து நின்றார். அந்த நேரத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

சேலை நெய்து கட்டிக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னதைக் கேட்டு அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “நல்லா நெய்யி. முந்தானைக்கு வர்றதுக்குள்ள நாக்கு வறண்டு பூடும். சரி, சண்டை போடறதுக்கு முன்ன ஒரு வாய் தண்ணி குடு. வெயில்ல வந்தவ.”

அக்கா ஒரு டம்ளரை நூலுக்கு அடியில் பிடித்தாள். நாங்கள் நாலு பேரும் டம்ளர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வண்டிமாடு கழுத்தை ஆட்டும் சலங்கைச் சத்தம் கேட்டது. டம்ளர் முக்கால் ஆனதும் அண்ணி பொறுமை இழந்து வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு நாக்கைச் சப்பினார்.

“வாய்தான் நீளமே தவிர, தண்ணிய நல்லா வச்சிருக்கே. என் பானைலகூட இவ்ளோ மணம் இல்ல. எவ்ளோ வெட்டிவேர் போட்டே?”

“நான் எங்கக்கா போட்டேன்? இது பானைத் தண்ணி இல்ல, குழாய்த் தண்ணி.”

“பொய் சொல்லாத. எனக்கு நாக்கு இல்லியா?”

அக்கா டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். எனக்கு அந்த வீட்டு மணமாகத்தான் பட்டது. ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீருக்குள்ளேயே இருந்தது வாசனை.

மூன்று பேரும் பாவாவைப் பார்த்தோம். பாவா தன் கால் கட்டைவிரலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க?” என்றாள் அக்கா.

“ஆங்?”

“தொட்டில இன்னா போட்டீங்க?”

“ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு முடிச்சு.”

“இன்னா முடிச்சு?”

“வேருதான். ஒரு மல்துணில… மெதக்கக் கூடாதுன்னு ஒரு கல்லு வச்சி…”

அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். “அப்போ கீத்து?”

“கீத்தும்தான்” என்றார் பாவா. “கீத்துல பாதி சூடுதான் கொறைஞ்சுது. நீ ரசம்னு சொன்னியே. அதான்.”

மெள்ள மெள்ள எல்லாம் வெளியே வந்தது. மூட்டைக்கு வைத்திருந்ததில் நல்ல வேராகப் பொறுக்கி, பானைக்குள் போடுகிற மாதிரியே தொட்டிக்குள் போட்டிருக்கிறார். தொட்டி பெரிது என்பதால் முடிச்சும் பெரிது. புதுப்பித்துக்கொண்டே வேறு இருந்திருக்கிறார். இதைச் சொல்லாமல் குளிர்ச்சிக்கான பெயரையெல்லாம் கீற்றுக்கே கொடுத்துவிட்டதால், யாராவது தொட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே மேலே போய் முடிச்சை எடுத்து ஒளித்துவிடுவார். குழாய்க்காரர் வந்தபோதும் எடுத்துவிட்டார். அவர் போன மறுநாள் மறுபடி போட்டுவிட்டார். தொட்டியை உயர்த்திய அன்றைக்கும் இதே கதைதான்.

“அதான் அந்தாளு இருந்தா வந்துது!” என்றேன் நான்.

“வேரு தண்ணிய குளுர வைக்கும் மச்சான், தடுக்குமா? தண்ணிலயே வளர்றது!” பாவாவுக்கு உண்மையாகவே நம்ப முடியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீடுகளில் பிறந்தவன் எவனுக்கும் தண்ணீர் வைத்த பாத்திரம் பானைதான். பானையில் வேர் போட்டால் யாருக்கு என்ன கெடுதல்? மொண்டு குடிக்கிறவன் சொம்பை விடும்போது முடிச்சைத் தள்ளிவிட்டு மொள்வான். தொட்டிக்குக் கை கிடையாது. கீழே ஓட்டைதான் உண்டு.

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். “அடப்பாவி தம்பி. பொண்டாட்டிக்குக் குளுகுளுன்னு தண்ணி குடுக்கறேன்னு தண்ணியே இல்லாம பண்ணிட்டியே!”

“உடனே எடுத்துடாதீங்க. அதுதானான்னு பாத்துட்டு எடுங்க” என்று அக்கா எங்களை மாடிக்கு அனுப்பினாள். நான் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டுத் தோள்வரை கையை விட்டேன். கீழே அக்கா குழாயைத் திறந்து வைத்திருந்தாள். அடியில், குழாய் புறப்படுகிற ஓட்டையின் மேல், முடிச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பால் குடிக்கிற குட்டி மாதிரி உறிஞ்சிப் பிடித்திருந்தது. இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்ததும் ‘பொளக்’ என்று விட்டது. அந்த நொடியே கீழேயிருந்து அண்ணியின் குரல்: “ஐயோ என் சேலை!”

பாவா நம்பவில்லை. தானே கையை விட்டு முடிச்சைப் பழையபடி அடியில் விட்டார். அவர் விரலை உருவிக்கொண்டு அது நகர்ந்து போய் ஓட்டையில் அப்பியது. கீழே சத்தம் அடங்கியது. மறுபடி பிடுங்கினார். மறுபடி கத்தல். தொட்டியை ஒரு முழம் உயர்த்தினோமே, அந்த முழத்தின் பலமெல்லாம் முடிச்சை இறுக்கிப் பிடிப்பதற்குத்தான் போயிருக்கிறது.

“போதும்! நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்!” என்றார் அண்ணி கீழேயிருந்து.

சொட்டச் சொட்ட முடிச்சைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அக்கா அதைப் பாவாவின் கையிலிருந்து வாங்கிப் பிழிந்து, கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடுப்படி மூலையில் இருந்த மண்பானைக்குள் வேரைப் போட்டு மூடினாள். பாவாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. “நல்ல வேரு” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அது போதும் போலிருந்தது. முகம் தெளிந்துவிட்டது.

அண்ணி அத்தனை சுலபத்தில் விடுகிறவர் இல்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்து உதறி, கோணிப்பைகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சரி, தண்ணி வருது. இல்லைன்னு சொல்லல. ஆனா வேர எடுத்துட்டீங்க. நாளைக்கே கொதிக்கும். கத்திரியில இரும்புத் தொட்டி இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? பானைத் தண்ணி குடிக்கத்தான் ஆவும். அரிசி களைய, பாத்திரம் தேய்க்க கொதிக்கற தண்ணில கைய வைப்பியா? வண்டி நிக்குது. மாடு நிக்குது. சொல்லு.”

அக்கா எழுந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். அண்ணி என்னவோ ஏதோவென்று கோணிப்பைகளைக் கொடுத்தார். அக்கா அவற்றைக் குழாய்க்கு அடியில் போட்டு, முழுதும் திறந்துவிட்டு, மறுபடி மணைப்பலகையில் உட்கார்ந்தாள். தண்ணீர் முட்டிக்கொண்டு கோணிமேல் விழுந்தது. நார் நாராக ஊறும்வரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டி நனைத்தாள். அப்புறம் குழாயை மூடிவிட்டு, கனத்துச் சொட்டிய கோணிகளை எடுத்துப் பாவாவின் தோளில் போட்டாள்.

“தொட்டியச் சுத்திக் கட்டுங்க. காயறப்ப காயறப்ப நனைச்சி வுடுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப தம்பி வந்து நனைப்பான்” என்றாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பாமலே, வந்தவர்களுக்கும் சேர்த்து அரிசி அளந்து, உப்புச்சட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.